கல்லும் கனியமும்: வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தையே சுற்றி வந்தன: கருங்கல்லுக்குள் இருக்கும் பொடிக் கனியங்களைப் பார்த்து, அந்த மண்ணில் உலோகத் தாது உண்டா என்று எப்படிச் சொல்கிறார்கள்? அவற்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

தாதைத் தேட வேண்டியவர்கள் ஏன் சிர்கோனைத் தேடுகிறார்கள்? செம்புக்கும் வெள்ளீயத்துக்கும் சிர்கோனுக்கும் என்ன தொடர்பு?
(உயர்தர வகுப்பு மாணவி, உப்புவெளி)

சிர்கோன் என்பது கிரனைற்றுக்குள் பொடி மணிகளாகக் கிடக்கும் சேர்க்கோனியச் சிலிக்கேற்றுக் கனியம். அதில் செம்பும் இல்லை, வெள்ளீயமும் இல்லை. அது வைத்திருப்பது வேறொன்று: தான் உருவான நேரத்தில் பாறைக்குழம்பு எந்த நிலையில் இருந்தது என்ற பதிவு. அந்தக் குழம்பு ஆழத்தில் கிரனைற்றுக் கல்லாக இறுகிய பிறகு அதற்குள் சுடுநீர் ஓடுகிறது, பெல்ட்ஸ்பார் களியாகிறது, மழையும் வெயிலும் மேலே வேலை செய்கின்றன. முழுக் கல்லையும் அரைத்துப் பகுப்பாய்வு செய்தால் இத்தனையும் கலந்த கணக்குத்தான் கிடைக்கும். சிர்கோன் இவற்றுக்கு எளிதில் இளகாது. தாதுப் படிவு ஒரு கிலோமீற்றர் அகலம்கூட இல்லாமல் மண்ணுக்கடியில் மறைந்திருக்கலாம். அதைப் பெற்ற கிரனைற்று பல கிலோமீற்றருக்கு வெளியே தெரியும். அதனால்தான் பிள்ளையைத் தேடுமுன் தாயை விசாரிக்கிறார்கள்.

முதலில் செம்பு. பாறைக்குழம்பில் கந்தகம் இரண்டு விதமாக இருக்கலாம். ஒட்சிசன் குறைவாக இருந்தால் அது சல்பைட்டாக இருக்கும். அந்தச் சல்பைட்டுத் துளிகள் செம்பையும் பொன்னையும் உறிஞ்சிக்கொண்டு ஆழத்திலேயே தங்கிவிடும். மேலே வரும் குழம்பு வெறுங்கையோடு வரும். ஒட்சியேற்றம் அதிகமானால் கந்தகம் சல்பேற்றாக மாறும். சல்பேற்று, சல்பைட்டைவிடப் பல மடங்கு அதிகமாகக் குழம்பில் கரையும். துளிகள் பிரியாததால் செம்பும் குழம்போடு மேலே வந்து, கடைசியில் பிரியும் உப்பு நீரில் ஏறிப் படிவாகிறது. குழம்பின் ஒட்சியேற்றத்தை ஒப்பிட உதவும் நிக்கல் – நிக்கல் ஒட்சைட்டு அளவுகோலை அண்டிய ஓரிரு அலகுக்குள் இந்த மாற்றம் நடந்து முடிந்துவிடும்.

வெள்ளீயம் இதற்கு நேர்மாறு. ஒட்சியேறிய குழம்பில் அது நான்கு ஏற்ற அயனாகச் சுருங்கி, தைத்தானியமும் இரும்பும் இருக்க வேண்டிய இடங்களில் நுழைந்துகொள்ளும். தைத்தனைற், மக்னற்றைற் போன்ற கனியங்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டு, கல் முழுவதும் சிதறடித்துவிடும். தாழ்த்தப்பட்ட, அதாவது ஒட்சியேற்றம் குறைந்த, குழம்பில் அது இரண்டு ஏற்றத்தோடு பருத்திருக்கும், எந்தப் படிகமும் இடம் கொடுக்காது. ஆகவே கடைசிச் சொட்டுக் குழம்பு வரை அது திரண்டுகொண்டே போகும். யாழ்ப்பாணத்தவர் உத்தியோகம் பார்க்கப்போன மலாயாவில், ஈப்போவைச் சுற்றிய கிந்தாப் பள்ளத்தாக்கின் வெள்ளீயம் இப்படிப்பட்ட தாழ்த்தப்பட்ட கிரனைற்றுகளிலிருந்து வந்ததே.

இனி சிர்கோன். அதற்குள் நுழைய விரும்பும் மூலகம் சேர்க்கோனியத்தின் அளவை ஒத்திருக்க வேண்டும். சேர்க்கோனிய அயனின் ஆரை 0.84 அங்ஸ்ட்ரோம். நான்கு ஏற்றச் சீரியம் 0.97, ஓரளவு பொருந்தும். மூன்று ஏற்றச் சீரியம் 1.14, வாசலிலேயே நின்றுவிடும். ஒட்சியேற்றம் கூடினால் நான்கு ஏற்றச் சீரியம் கூடும், சிர்கோனின் அருமண் மூலகங்களை வரிசையாக இட்ட வரைபில் சீரியம் மேடாகத் துருத்திக்கொண்டு தெரியும். யூரோப்பியம் வேறு கதை சொல்லும். இரண்டு ஏற்ற யூரோப்பியத்தை பிளேஜியோக்கிளேஸ் பெல்ட்ஸ்பார் வாரி எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின் வளரும் சிர்கோனில் யூரோப்பியம் பள்ளமாகத் தெரியும். குழம்பில் நீர் அதிகமிருந்தால் பிளேஜியோக்கிளேஸ் தாமதமாகவே படிகமாகும், பள்ளமும் ஆழமாகாது. பள்ளத்தின் ஆழத்தை, அளந்த யூரோப்பியத்துக்கும் பக்கத்து மூலகங்களை வைத்து எதிர்பார்க்கும் யூரோப்பியத்துக்கும் உள்ள விகிதத்தால் சொல்வார்கள். பள்ளமே இல்லையென்றால் விகிதம் 1. வட சிலியின் சுக்கிகமாட்டா – எல் அப்ரா செப்புப் பட்டியில் செய்து 2002இல் வெளியான ஆய்வில், செம்பு தந்த பாறைகளின் சிர்கோன்கள் இந்த விகிதத்தில் 0.4ஐத் தாண்டியிருந்தன. அவற்றில் நான்கு ஏற்றச் சீரியத்துக்கும் மூன்று ஏற்றச் சீரியத்துக்கும் உள்ள விகிதமோ 300க்கு மேல்.

இந்த 0.4ஐ மந்திர எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தைத்தனைற் முன்கூட்டியே படிகமானால் அது யூரோப்பியத்தின் இரு பக்கத்து மூலகங்களான சமாரியத்தையும் கடோலினியத்தையும் அதிகமாக உறிஞ்சிவிடும். பக்கத்து மேடுகள் தாழ்ந்ததும் நடுப்பள்ளம் ஆழம் குறைந்ததுபோல் தோன்றும். செம்பே இல்லாத கிரனைற்றும் நல்ல பெயர் வாங்கிவிடும். சிர்கோன் சொல்வது குழம்பின் தகுதியை மட்டுமே. அந்தத் தகுதி படிவானதா என்பது நீர் எப்போது பிரிந்தது, வெடிப்புகள் எங்கே திறந்தன என்பவற்றைப் பொறுத்தது.

வீட்டில் இருக்கும் காந்தத்தால் இதில் ஏதாவது கண்டுபிடிக்கலாமா?
(கந்தளாய்)

கண்டுபிடிக்கலாம், அதுவும் ஆய்வாளர்கள் இன்றும் மதிக்கும் ஒன்றை. யப்பானியப் புவிச்சரிதவியலாளர் ஷுன்சோ இஷிஹாரா 1977இல் கிரனைற்றுகளை மக்னற்றைற் (காந்தம் எளிதில் இழுக்கும் இரும்பு ஒட்சைட்டு) தொடர், இல்மனைற் (இரும்பு – தைத்தானிய ஒட்சைட்டு) தொடர் என இரண்டாகப் பிரித்தார். முன்னது ஒட்சியேறியது, பின்னது தாழ்த்தப்பட்டது. செம்பும் மொலிப்டினமும் பெரும்பாலும் முதலாவதோடும், வெள்ளீயம் இரண்டாவதோடும் சேர்ந்து வரும். களத்தில் காந்த ஏற்புத்திறன் மானியை வைத்துப் பார்ப்பவர்களுக்கு எல்லைக்கோடு ஏறத்தாழ 0.003 எஸ்.ஐ. அலகு.

மானி இல்லாதவர்கள் இப்படிச் செய்யலாம். நிறம் மாறாத, உள்ளிருந்து உடைத்த கல்லில் 100 கிராம் எடுத்து, தடித்த துணியில் சுற்றிச் சீனி மணி அளவுக்கு நொறுக்குங்கள். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம். நீரில் அலசித் தூசியைப் போக்கி நன்றாகக் காயவிடுங்கள். பழைய ஒலிபெருக்கியின் கறுப்புக் காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, வெள்ளைத் தாளில் பரப்பிய பொடிக்குச் சற்று மேலே நகர்த்துங்கள். பையை உருவினால் ஒட்டியது கீழே விழும். விழுந்ததை மீண்டும் பரப்பி இரண்டு மூன்று முறை இப்படியே செய்து, நகைக்கடைத் தராசில் நிறுங்கள். மக்னற்றைற் தொடருக்குக் குறைந்தபட்சமாகச் சொல்லப்படும் கனவளவு 0.1 சதவீதம். மக்னற்றைற் கல்லைப்போல் இருமடங்கு அடர்த்தி என்பதால் 100 கிராமில் அது 0.2 கிராம் அளவில் வரும்.

கணினி வன்தட்டிலிருந்து கழற்றிய வெள்ளிநிறக் காந்தத்தைப் பாவித்தால் பரிசோதனையே கெட்டுவிடும். அந்த வலுவான காந்தம் இல்மனைற்றையும் இழுக்கும், இரும்பு மிகுந்த கறுப்பு மைக்காவையும் அசைக்கும். பிரிக்க வேண்டிய இரண்டு வகையும் ஒன்றாகிவிடும். சுத்தியலிலிருந்து தெறிக்கும் இரும்புச் சிராய் இன்னொரு தொல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் அது சுருண்டு பளபளப்பாகத் தெரியும், மக்னற்றைற் மணி கட்டை குட்டையாக, மங்கிய கறுப்பாக இருக்கும். சிவந்து துருவேறிய கல்லை எடுக்கவே கூடாது. அதிலிருந்த மக்னற்றைற் ஏற்கெனவே ஹேமற்றைற்றாக மாறியிருக்கும், காந்தம் ஒன்றும் இல்லை என்று பொய் சொல்லும்.

எல்லாவற்றுக்கும் முன் உங்கள் கல் கிரனைற்றுத்தானா என்று பாருங்கள். எங்கள் மாவட்டத்தில் கருங்கல் என்று குவாரியிலிருந்து லொறியில் வருவதில் பெரும்பகுதி நைஸ் பாறை. வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக ஓடினால் அது ஆழத்தில் வெந்து, நசுங்கி உருமாறிய கல். அதன் மக்னற்றைற் உருமாற்றத்தின்போது புதிதாக வளர்ந்திருக்கலாம். இஷிஹாராவின் கணக்கு அதற்கு நேரே பொருந்தாது.

கன்னியா வெந்நீரூற்றுக்கு அடியில் கிரனைற்றுக் குழம்பு கொதித்துக்கொண்டு இருக்கிறதா?
(திருகோணமலை நகர்)

இல்லை. மழைநீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் இயல்பான வெப்பத்தில் சூடாகி, வேகமாக மேலே வருகிறது. இலங்கையின் வெந்நீரூற்றுகள் எதற்கும் எரிமலைத் தொடர்பு கிடையாது.

கிரனைற்றிலிருந்து சிர்கோனைப் பிரித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது எப்படி? இறுதியாண்டு ஆய்வுக்குத் தேவைப்படுகிறது.
(பல்கலைக்கழக மாணவர், மூதூர்)

சிதையாத கல் 3 முதல் 5 கிலோ எடுங்கள். ஒரு கிலோ போதும் என்று சொல்பவர்கள் உண்டு. சிர்கோன் குறைந்த கிரனைற்று அகப்பட்டால் வேலையை இரண்டாம் முறை செய்ய நேரிடும். நொறுக்குமுன் மெல்லிய சீவல் வெட்டி நுண்காட்டியில் பாருங்கள். சிர்கோன் எந்தக் கனியத்தின் உள்ளே இருக்கிறது, பொசுபேற்றுக் கனியமான அப்பற்றைற் எதனோடு ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் நொறுக்கிய பின் ஒருபோதும் தெரியாது.

தாடை நொறுக்கியிலும் தட்டு அரைவையிலும் போட்டு, 300 மைக்ரோன் சல்லடையில் சலியுங்கள். ஒரேயடியாக அரைக்காமல், அரைத்துச் சலித்து, தங்கியதை மட்டும் மீண்டும் அரைத்தால் மணிகள் முழுதாகக் கிடைக்கும். பிறகு வாயகன்ற தட்டில் நீரோடு அலசிப் பாரமானதைத் தேக்குங்கள். அவசரப்பட்டால் 50 மைக்ரோனுக்குக் கீழான மணிகள் நீரோடு போய்விடும். காய்ந்ததும் கைக் காந்தத்தால் மக்னற்றைற்றை எடுத்துவிட்டு, பார திரவத்துக்குப் போகலாம். புரொமோபோமின் அடர்த்தி 2.89. குவாட்சு 2.65 என்பதால் மிதக்கும், 3.2 உள்ள அப்பற்றைற்றும் 4.6 – 4.7 உள்ள சிர்கோனும் அமிழும். அமிழ்ந்ததை மெதிலீன் அயடைட்டில், அடர்த்தி 3.3, போட்டால் அப்பற்றைற் மிதந்து சிர்கோன் மட்டும் அடியில் நிற்கும். இரண்டும் நச்சுத் திரவங்கள். புகைபோக்கிப் பேழைக்கு வெளியே போத்தலைத் திறக்கவே கூடாது. சோடியம் பொலிதங்கிஸ்ரேற் கரைசல் பாதுகாப்பானது, ஆனால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 3.1 வரைதான் போகும். அதில் அப்பற்றைற்றும் சிர்கோனும் பிரியாது.

கடைசியாக மின்காந்தப் பிரிகருவி. அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. காந்தம் இழுக்காத, கண்ணாடிபோல் தெளிந்த மணிகளை மட்டும் வைத்துக்கொண்டால் யுரேனியம் மிகுந்த, கதிர்வீச்சால் உடைந்த மணிகள் எல்லாம் கழிந்துபோகும். வெள்ளீயக் கிரனைற்றின் கடைசிக் கட்டத்தைச் சொல்பவை அநேகமாக அந்த மணிகளே. நுண்காட்டியின் கீழ் பொறுக்கும்போதும் அழகானதை மட்டும் பொறுக்காதீர்கள். நூறு மணிகளுக்குக் குறையாமல் எப்பொக்சியில் பதித்து, பாதி உடல் தெரியும் வரை மெருகிட்டு, கதோட்டு ஒளிர்வில் (இலத்திரன் கற்றை பட்டு மணி ஒளிர்வதை) படம் எடுங்கள். படத்தில் வட்ட வட்டமாகக் கோலம் போட்டதுபோல் மெல்லிய வளையங்கள் தெரிந்தால் குழம்பில் வளர்ந்த பகுதி. நடுவில் மூலை மழுங்கிய, வேறு சாயலுள்ள கரு தெரிந்தால் அது பழைய பாறையிலிருந்து வந்த விருந்தாளி. அளப்பதற்காக மணியில் புள்ளியாகப் பாய்ச்சும் லேசர் அந்தக் கருவில் விழுந்தால் வயதும் தவறு, வேதியியலும் தவறு.

லேசர்ப் புள்ளி 30 மைக்ரோன் விட்டம் போதும், கிரனைற்று ஒன்றுக்கு 30 – 40 புள்ளிகள். ஒவ்வொரு பத்துப் புள்ளிக்கும் ஒருமுறை நியமக் கண்ணாடியான நிஸ்ட் 610ஐயும், தெரிந்த சிர்கோனான 91500ஐயும் அளக்க வேண்டும். எண்கள் வந்ததும் முதலில் லந்தனத்தைப் பாருங்கள். சுத்தமான சிர்கோனில் அது பெரும்பாலும் 0.1 பிபிஎம்மை (பத்து இலட்சத்தில் 0.1 பங்கை) தாண்டாது. 1 பிபிஎம்மைக் கடந்தால் லேசர் அப்பற்றைற்றையோ மொனசைற்றையோ வெடிப்பையோ தொட்டிருக்கிறது, அந்தப் புள்ளியைத் தள்ளிவிடுங்கள். லந்தனம் இவ்வளவு குறைவாக இருப்பதாலேயே லந்தனம் – பிரசியோடைமியத்தை வைத்துக் கணக்கிடும் சீரிய மேடு தள்ளாடும். நியோடைமியம், சமாரியம் பக்கமிருந்து நீட்டிக் கணிப்பது உறுதியானது.

சிர்கோனிலுள்ள தைத்தானியத்தின் அளவிலிருந்து அது படிகமான வெப்பநிலையைக் கணிக்கும் தைத்தானிய வெப்பமானியிலும் பிழை சுலபம். தைத்தானிய ஒட்சைட்டுக் கனியமான ரூட்டைல் உடனிருந்தால் 10 பிபிஎம் தைத்தானியம் ஏறத்தாழ 740 – 750 பாகை செல்சியஸ். ரூட்டைல் இல்லாத சாதாரணக் கிரனைற்றில் தைத்தானியாவின் (தைத்தானிய ஒட்சைட்டின்) செயற்பாட்டை, ரூட்டைல் இருந்தால் 1 ஆகும் அதை, 0.6 என்று எடுத்தால் அதே 10 பிபிஎம் 800 பாகையை நெருங்கும். எந்தச் செயற்பாட்டை எடுத்தீர்கள் என்று எழுதாத வெப்பநிலை யாருக்கும் பயன்படாது.

இன்னொன்று: முந்தியவரின் மாதிரி. தாடை நொறுக்கியின் இடுக்கிலும் சல்லடைக் கண்ணிலும் ஒட்டியிருக்கும் பிறர் சிர்கோன் ஐந்தாறு மணி போதும், உங்கள் கிரனைற்றுக்கு இல்லாத வயது ஒன்று முளைக்க. சல்லடையை மீயொலிக் கழுவியில் போட்டுக் கழுவுங்கள். வெறும் குவாட்சை முதலில் அரைத்துக் கொட்டிவிட்டு உங்கள் கல்லைப் போடுங்கள். அப்பற்றைற்றும் வேண்டுமென்றால் எந்தக் கட்டத்திலும் அமிலத்தால் கழுவாதீர்கள், அது கரைந்துவிடும்.

சிர்கோன் தவிர அப்பற்றைற்றையும் கறுப்பு மைக்காவையும் ஏன் அளக்கிறார்கள்?
(விஞ்ஞான ஆசிரியர், கிண்ணியா)

சிர்கோன் சொல்லாத ஒன்றை இவை சொல்லும். உலோகத்தை ஏற்றிக்கொண்டு போகும் நீரில் குளோரின் எவ்வளவு, புளோரின் எவ்வளவு என்பதே அது. செம்பு குளோரினோடு சேர்ந்து பயணிக்கும். புளோரின் குழம்பை இளக்கி, அது நீண்ட நேரம் வடிந்து செறிய உதவும், வெள்ளீயத்துக்கும் தங்குதனுக்கும் அது சாதகம்.

அப்பற்றைற்றின் கட்டமைப்பில் புளோரினுக்கும் குளோரினுக்கும் ஐதரொட்சிலுக்கும் ஒரே இருக்கை. கந்தகம் சல்பேற்றாக இருந்தால் பொசுபரசின் இடத்தில் அமரும். ஒரே கல்லில் இரண்டு விதமான அப்பற்றைற்றைத் தேடுங்கள். சிர்கோனுக்குள்ளோ கோர்ண்பிளெண்டுக்குள்ளோ சிறைப்பட்ட ஊசி போன்ற மணி குழம்பின் ஆரம்ப நிலையைப் பூட்டி வைத்திருக்கும். பெல்ட்ஸ்பார் மணிகளுக்கிடையே இருக்கும் பெரிய மணி கடைசி நிலையைக் காட்டும். உள்ளே குளோரின் கூடவும் வெளியே குறையவும் இருந்தால், இடையில் உப்பு நீர் பிரிந்து குளோரினைக் கொண்டுபோயிருக்கிறது என்று படிக்கலாம். தாதுக்கு நேரே இட்டுச்செல்லும் தடயங்களில் இதற்கு நிகரானது குறைவு. தாழ்த்தப்பட்ட, அலுமினியம் மிகுந்த கிரனைற்றில் அப்பற்றைற்றின் மங்கனீசு ஏறும், அதையும் கூடவே பாருங்கள்.

இலத்திரன் நுண்ணாய்வியில் அப்பற்றைற்றை அளக்கும்போது புளோரின் ஏமாற்றும். நீளவாட்டத்துக்கு நேரே கற்றை விழுந்தால் புளோரின் அயன்கள் நகர்ந்து, எண்ணிக்கை போகப்போக மாறும். அறுகோண முகம் மேலே பார்க்கும் மணிகளை விட்டு, நீளவாட்டில் படுத்திருக்கும் மணிகளை எடுங்கள். கற்றையை 10 மைக்ரோனுக்கு விரித்து, மின்னோட்டத்தை 10 நானோ அம்பியரளவில் வைத்து, புளோரினையும் குளோரினையும் முதலில் அளந்து முடியுங்கள்.

பயோற்றைற் எனப்படும் கறுப்பு மைக்காவுக்கு முதற் சோதனை பொற்றாசியம். புதிய மணியில் பொற்றாசியம் ஒட்சைட்டு 9 – 10 சதவீதம். அது 8க்குக் கீழே இறங்கினால் மைக்கா குளோரைற் என்ற பச்சைநிறக் கனியமாக மாறத் தொடங்கிவிட்டது, அதன் குளோரின் எண்ணை நம்ப முடியாது. மொத்தம் 100 வரவில்லையே என்று பயப்பட வேண்டாம். நீரை இக்கருவி அளக்காததால் 95 – 96 வந்தாலே அது நல்ல பகுப்பாய்வு.

புல்மோட்டை மணலில் நிறைய சிர்கோன் இருக்கிறதே. அதை ஆராய்ந்து தாது எங்கே என்று கண்டுபிடிக்க முடியாதா?
(குச்சவெளி)

புல்மோட்டையின் கறுப்பு மணலே ஒரு தாதுதான், இல்மனைற்றும் ரூட்டைலும் சிர்கோனும் சேர்ந்த தாது. அதற்கப்பால் உட்பகுதியில் செம்பு இருக்கிறதா என்று அதே சிர்கோனைக் கேட்டால் பதில் குழம்பும். அது ஒரு கிரனைற்றிலிருந்து வரவில்லை. ஆறுகள் பல பாறைகளிலிருந்து கொணர்ந்ததைக் கடல் அலசி, பாரமானதை மட்டும் கரையில் விட்டிருக்கிறது. தாய்ப் பாறைகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடுமையாக உருமாறியவை. அப்போது பழைய மணிகளின்மேல் புதிய சிர்கோன் வளர்ந்தது. அந்த மேற்பூச்சு கார்னட்டோடும் பெல்ட்ஸ்பாரோடும் மூலகங்களைப் பங்கிட்டுக்கொண்டு வளர்ந்ததால், அதன் யூரோப்பியப் பள்ளம் குழம்பைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒவ்வொரு மணியிலும் வயதையும் அருமண் மூலகங்களையும் ஒரே இடத்தில் அளந்து, வளையமுள்ள கருப் பகுதியை மட்டும் எடுத்தால் ஓரளவு பயன் உண்டு.

இலங்கைச் சிர்கோனுக்கு உலக ஆய்வுகூடங்களில் வேறொரு மதிப்பு இருக்கிறது. எம்257 என்ற பட்டை தீட்டிய இலங்கை மணிக்கல் 56.13 கோடி ஆண்டு வயதுடையது. உள்ளே எங்கு தொட்டாலும் ஒரே அளவு என்பதால், பிற நாட்டுச் சிர்கோன்களின் வயதை அளக்கும் கருவிகளைச் சரிபார்க்கும் நியமமாக அது பயன்படுகிறது. பிஆர்266 என்ற இன்னொரு நியமமும் இலங்கைக் கல்லே.

சேருவிலவில் செம்பும் காந்த இரும்பும் சேர்ந்து இருக்கின்றன. அவை கிரனைற்றிலிருந்து வந்தவையா? எங்கள் காணிக் கல்லிலும் பச்சைக் கறை தெரிகிறது.
(தோப்பூர்)

சேருவிலவின் தாது, இலங்கையின் பழம்பாறைப் பிரிவுகளான ஹைலண்ட் தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லைக்கு அருகே, கல்சியம் மிகுந்த உருமாறிய பாறைகளோடு சேர்ந்து கிடக்கிறது. மக்னற்றைற்றும், செம்பு – இரும்புச் சல்பைட்டான கல்கோபைரைற்றும் அதன் முக்கிய கனியங்கள். பக்கத்தில் கிரனைற்றுத் தன்மையுள்ள நைஸ் இருக்கிறது என்பதற்காக அதுவே தாய் என்று முடிவுகட்ட முடியாது. மேலே சொன்ன சிலி எண்களைக் கொண்டுவந்து இங்கே வைப்பது பிழை, அவை உருமாறாத இளம் கிரனைற்றுகளுக்கானவை. இங்கே கேட்க வேண்டிய கனியம் மக்னற்றைற். அதிலுள்ள தைத்தானியம், வனேடியம், அலுமினியம், மங்கனீசு, நிக்கல், குரோமியம் ஆகியவை, குழம்பில் பிறந்த மக்னற்றைற்றுக்கும் சுடுநீரில் பிறந்ததற்கும் வேறுபடும். ஆனால் உருமாற்ற வெப்பத்தில் மக்னற்றைற் தன் தைத்தானியத்தை மெல்லிய இல்மனைற் இழைகளாக வெளியே தள்ளிவிடும். லேசர்ப் புள்ளி இழைகளுக்கிடையே விழுந்தால் தைத்தானியம் இல்லை என்று வரும். பின்சிதறல் இலத்திரன் படத்தில் இழைகளைப் பார்த்து, அவற்றையும் சேர்த்து மூடும் அளவு அகலமான புள்ளியில் அளக்க வேண்டும்.

உங்கள் காணியின் பச்சைக் கறைக்கு வருவோம். ஊசி முனையால் சுரண்டிய பொடியில் ஒரு சொட்டு எலுமிச்சஞ்சாறு விட்டு உருப்பெருக்கியில் பாருங்கள். மெதுவாக நுரைத்தால் மலக்கைற்றாக இருக்கலாம், அது செம்பின் காபனேற்று. நுரைக்காமல், நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தால் குளோரைற். வழுவழுப்பாக இருந்து, நனைத்ததும் தளிர்ப்பச்சையானால் பாசி. மலக்கைற் என்று தோன்றினால் அந்த இடத்தைத் தோண்டாமல், கறையோடு கூடிய ஒரு கைப்பிடிக் கல்லையும் கறையில்லாத அதே கல்லையும் தனித்தனிப் பையில் இட்டு, எடுத்த இடத்தையும் திகதியையும் எழுதி, பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறையிலோ, புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்திலோ காட்டுங்கள். காணி உங்களுடையதாக இருந்தாலும், 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனியங்கள் சட்டத்தின்படி ஆய்வதற்கும் அகழ்வதற்கும் பணியகத்தின் உரிமப்பத்திரம் வேண்டும்.